நாற்பது நிமிடக் காத்திருப்பு

லாஸ்பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில், மீனவர்களின் போனுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் சோதித்துப் பார்க்கும் அக்கா காலாப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர்.

ஒரு மதியம், காற்றின் வேகத்தை எச்சரிக்கை பாதியாகக் காட்டுவதை அக்கா கண்டுபிடித்தார். தவறு என்னுடையது. ஒரே வரியில் திருத்திவிட்டேன். ஆனால் அது சர்வருக்குப் போக நாற்பது நிமிடம் ஆகும். சர்வரில் ஓடவேண்டிய எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டும் கன்டெய்னர் இமேஜை உருவாக்கும் ஒவ்வொரு முறையும், எங்கள் புரோகிராம் மட்டுமல்லாமல், அது பயன்படுத்தும், பிறர் எழுதிவைத்த லைப்ரரிகள் அத்தனையும் முதலிலிருந்து கம்பைல் ஆகும், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறும்.

"இன்னும் எவ்ளோ நேரம் தம்பி?"

"அரை மணி நேரம் ஆவும்க்கா."

"அதுக்குள்ள போட்டை எடுத்துடுவாரு" என்றவர் போனை எடுத்தார். "ஏங்க, இன்னிக்குப் போவாதீங்க. போன்ல வந்தது தப்பு. பக்கத்துல இருக்கறவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையே உட்கார்ந்தேன். லைப்ரரிகள் மாறுவது அபூர்வம். மாறுவது எங்கள் வரிகள்தான். அதனால் முதலில் லைப்ரரிகளின் பட்டியலையும், பெயருக்கு ஒரு வெற்றுப் புரோகிராமையும் மட்டும் வைத்துக் கம்பைல் செய்து, அந்தப் பகுதியைத் தனி அடுக்காகச் சேமித்தேன். பட்டியல் மாறாதவரை அது அப்படியே இருக்கும். அதன்மேல் எங்கள் வரிகள் மட்டும் புதிதாகச் சேரும்.

மூன்றே நிமிடம்! டீக்குச் சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி, ஒரு மெசேஜும் வரலியே" என்றார் அக்கா.

புரோகிராம் ஓடியது, உடனே நின்றது. பிழை எதையும் சொல்லவில்லை. டீ ஆறியபிறகுதான் புரிந்தது: எங்கள் ஃபைலின் தேதி வெற்றுப் புரோகிராமின் தேதியைவிடப் பழையது. எதுவும் மாறவில்லை என்று நினைத்து, கம்பைலர் அந்த வெற்றுப் புரோகிராமையே விட்டுவைத்திருக்கிறது. ஃபைலின் தேதியைப் புதுப்பிக்க ஒரு வரி சேர்த்தேன். மறுபடியும் மூன்று நிமிடம். இந்த முறை மெசேஜ் வந்தது.

அக்கா ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒன்றாக அனுப்பிப் பார்த்தார். பிறகு தன் நோட்டைத் திறந்து என் மேசையில் வைத்தார். மூன்று சின்னத் தவறுகள், எல்லாம் அவர் முன்பே சொன்னவை.

"நேரமாவும் நேரமாவும்னு தள்ளிட்டே இருந்தியே, இப்ப பாரேன்."

அவருடைய சாயங்கால பஸ்ஸுக்கு முன்பே மூன்றையும் முடித்தோம்.