மகேசன் தம்பி ஏற்றுக்கொண்ட பிழை

கோகிலா கந்தோரிலிருந்து அழைத்தபோது நான் மேல்வீட்டுக்கு அனுப்ப ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். "அம்மாயி, மகேசன் சார் போயிட்டாரு. மேசையிலேயே சாஞ்சிட்டாரு" என்றாள். கல்லில் கிடந்த ரொட்டி அவருக்குத்தான்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் மேல்வீட்டில் சில வருடங்களாக அவர் வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மனைவி பிள்ளைகள் ஊரில். என் பேத்தி கோகிலா இணையத்தளம் செய்யும் கந்தோரில் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தாள். நம் மரண உதவிச் சங்கத்தின் இணையப் பக்கத்தை இருவரும் சேர்ந்து காசு வாங்காமல் செய்து தந்தது சங்கத்தாராகிய உங்களுக்குத் தெரியும். மரண அறிவித்தலின் கீழே ஒரு பொத்தான். அமுக்கினால் அனுதாபம் எழுத இடம் திறக்கும். அந்தப் பகுதி கோகிலாவின் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை என்று நான் சொல்லித் திரிந்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பக்கத்தின் தொடக்க நாளில், சங்க மண்டபத்தில், என்னைத்தான் முதலில் அமுக்கச் சொன்னார்கள். திறந்தது. கை தட்டினார்கள். அடுத்துப் பக்கத்துவீட்டு ராமாயி அமுக்கினாள், திறக்கவில்லை. தலைவருக்கும் திறக்கவில்லை.

"என்னடி, ஒன் பேத்தி ஒனக்கு மட்டுந்தான் செஞ்சாளா?" என்றாள் ராமாயி. மண்டபமே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

மகேசன் எழுந்தார். "பிழை என்ர. நான்தான் வடிவாப் பாக்கேல்ல" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

அன்று மாலை படியில் மறித்துக் கேட்டேன். "என்னதான் தம்பி நடந்திச்சு?"

"முதல் ஆள் வரேக்க பக்கம் புதுசா உருவாகும் அம்மா. பிறகு வாறவைக்குக் கெதியாக் குடுக்கோணும் எண்டு அதைப் படியெடுத்துக் கொப்பி ஒண்டை வச்சிருந்து அதையே குடுக்கும். கொப்பியில பட்டன் இருக்கு. பட்டனை வேலை செய்ய வைக்கிற ஸ்கிரிப்ட் அதோட வரேல்ல."

"அப்ப அந்தக் கொப்பிய நிப்பாட்டிப்புடுங்க!"

"நிப்பாட்டலாம். சனம் கூடினா பக்கம் ஆமை மாதிரி ஊரும். ஸ்கிரிப்டை இடம் மாத்தி வச்சா, கொப்பி வந்தாலும் அதுவும் சேந்து வரும்."

அப்படியே மாற்றினார். எல்லாருக்கும் திறந்தது. "ஒருக்காத் திறந்தது காணாது, இரண்டாவது ஆளுக்கும் திறக்கோணும்" என்று கோகிலாவிடம் அடிக்கடி சொல்வார்.

நான் அவரை விடவில்லை. "பட்டன் தொறக்காத தம்பி, சாப்பாடு ஆறுது!" என்று கீழிருந்து கூப்பிடுவேன். "வாறன் அம்மா, கதவாவது திறக்குதோ பாப்பம்" என்று சிரித்துக்கொண்டு இறங்குவார். கோவிலிலும் கடையிலும், திறமை பேத்தியுடையது, பிழை மகேசனுடையது என்றே சொல்லிவந்தேன். அப்படித்தான் நம்பினேன்.

உடலை ஊருக்குக் கொண்டுபோகுமுன் சங்க மண்டபத்தில் வைத்திருந்தோம். அவர் மனைவி தலைமாட்டில் இருந்தார். தலைவர் பேசினார்: "அன்னைக்கு ஒரு பிழை விட்டாரு. ஆனா தங்கமான மனுசன்."

கோகிலா என் காதருகே குனிந்தாள். "அம்மாயி, அது என் பிழை. ஸ்கிரிப்ட அங்க வைக்காதன்னு சார் முன்னயே சொன்னாரு, நான் கேக்கல. அன்னைக்கு நான் எந்திரிக்கப் போனேன். ஒங்களக் காட்டி, 'அம்மான்ர முகத்தைப் பார், நீ இரு'ன்னுட்டு அவரு எந்திரிச்சாரு."

எழப்போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "இப்ப எதுக்குடி? சும்மா இரு."

அவர் முன்னால் கிடக்கிறார். அவர் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்திலும் என் வீட்டுப் பெயரைத்தான் நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். எழுதவே கூசுகிறது.

கோகிலா உதறிக்கொண்டு எழுந்தாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். அவர் மனைவி தலை நிமிர்ந்தார்.

"அழாதை பிள்ளை. வீட்டிலையும் இவர் உப்பிடித்தான். பிள்ளையள் கோப்பையை உடைச்சாலும் நான்தான் உடைச்சனெண்டு நிப்பார்."

என் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேனோ தெரியாது.

மகேசன் தம்பியின் நினைவாக அவருடைய பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. கோகிலா உதறியபோது என் விரல்களில் பிடித்த வலி போதும். எழுந்து நிற்க அவளுக்குக் காட்டியவர் அவர், இந்த வலியும் அவர் விட்டுப்போனது. ஆறாமல் இருக்கட்டும்.