வேப்பங்கதவுக்கு வாங்கிய ரூட்டர்

எண்பதுகளின் நடுவில் ஒத்தக்கடையில் இரண்டு அறை வீடு ஒன்று கட்டினேன். வாசல் கதவை நானே செய்வேன் என்று சொன்னதும் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நான் ஆசாரி இல்லை. பஞ்சாலையில் மிஷின்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை, படிப்பு அஞ்சாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காலி, அலமாரி, சாமி மாடம் என்று எதையாவது செய்துகொண்டிருப்பேன். அதை எல்லோரும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டார்கள். வாசல் கதவை அப்படி விடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் நிலையும் கதவும் ஆசாரியின் வேலை. நிலை வைக்கும் நாளில் அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை. நிலையை ஆசாரியே வைத்தார், வேட்டி துண்டும் வாங்கிக்கொண்டார். கதவை மட்டும் நான் விடவில்லை.

ஆனால் என் வலது மணிக்கட்டு ஒரு முறை ஆலையின் பெல்ட்டில் சிக்கி உடைந்து கூடியது. இழைப்புளியைக் கொஞ்ச நேரம்தான் தள்ள முடியும். கதவுச் சட்டம் நெடுகப் பள்ளம் எடுத்து அதற்குள் பலகையை இறக்க வேண்டும். அந்தக் கை அதைத் தாங்காது. அந்த வேலையைக் கரண்டில் செய்கிற ரூட்டர் மிஷின் மதுரைக் கடைகளுக்கு வந்திருக்கிறது என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள்.

எனக்குக் கடையில் நின்று பேச வராது. அதனால் மனைவியின் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் எல்லா இடத்திலும் பேசுவார். நான் மஞ்சப்பையில் ஒரு வேப்பங்கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் முதலில், "எந்தப் பட்டறைண்ணே?" என்று கேட்டார்.

"பட்டறையெல்லாம் இல்ல, மாப்ள வீட்டுல வச்சுச் செய்யுறாரு" என்றார் மச்சான்.

"வீட்டுக்கா? ரூட்டரை வச்சு வெங்காயமா அரியப் போறாரு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேசையில் இரண்டு மிஷின் வந்தது. ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, அம்மிக்கல் கனம். மற்றது நம் நாட்டில் செய்தது. சிறியது, பெயின்ட்கூட ஒழுங்காக அடிக்கவில்லை, விலை பாதிக்கும் கீழே. மச்சான் பெரியதைத் தட்டிப் பார்த்தார். "வாங்குறது வாங்குறோம், இதையே வாங்கு மாப்ள. கொறையுறத நான் போடுறேன்."

அவர் போட்டால் கதவும் அவருடையதாகிவிடும் என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து கட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஓட்டிப் பாக்கணும்" என்றேன்.

"பட்டறைக்காரவுகளே இப்படிக் கட்டையோட வந்ததில்லண்ணே" என்றார் கடைக்காரர்.

"நான் வந்துட்டேன்ல. ஓட்டிக் காட்டுங்க."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டையை இறுக்கிப் பிளக்கைச் சொருகினார். பெரியதைப் பிடித்து ஸ்விட்ச் போட்டேன். கிளம்பும்போதே ஒரு உதறல். மணிக்கட்டில் பழைய இடம் சுள்ளென்றது. அணைத்துவிட்டேன். சிறியது அப்படி உதறவில்லை. காதை வைத்துக் கேட்டேன். பேரிங் சத்தம் எனக்குத் தெரியும், நாள் முழுக்க அதற்குத்தான் எண்ணெய் விடுகிறேன். சத்தம் சுத்தமாக இருந்தது. ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் வரவில்லை. மூன்று முறை ஓட்டினால் வந்தது.

"இது போதும்."

"மூணு தடவ ஓட்டணும்ணே. பெருசுல ஒரே இழுப்பு."

"மூணு தடவ ஓட்டுறேன். எங்க பக்கம் பம்புசெட்டு ஓடுற நேரம் பல்பே செவசெவன்னுதான் எரியும். அம்புட்டுப் பெரிய மிஷின் அந்தக் கரண்டுல எந்திரிக்கவே எந்திரிக்காது."

ஒத்தக்கடை பஸ்ஸில் மச்சான் மிஷினை மடியில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். இறங்கும்போது, "வெளையாட்டுச் சாமான் வாங்கியிருக்க" என்றார்.

முதல் நாளே அவர் சொன்னது உண்மை என்பதுபோல ஒன்று நடந்தது. இழைப்புளியைத் தள்ளும்போது மரத்தின் ரேகை போகிற பக்கமாகத் தள்ளுவது பழக்கம். ரூட்டரையும் அப்படியே தள்ளினேன். அதற்கு ரேகை கணக்கில்லை, கத்தி சுற்றுவதற்கு எதிராகத்தான் தள்ள வேண்டும். எனக்கு அது தெரியாது. மிஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடி, சட்டத்தின் முகப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கிழித்துவிட்டது. அன்று சாப்பிடவில்லை. ஆசாரியைக் கூப்பிடச் சொல்லி மனைவி மெதுவாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு, கத்தி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, தள்ளும் திசையை மாற்றினேன். பள்ளம் நேராக விழுந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு முடிந்தது. கோட்டை மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து அடைக்கவில்லை. வேம்பின் நிறத்துக்கு மக்கு எப்படியும் தனியாகத் தெரியும்.

பால் காய்ச்சுகிற அன்று சொந்தக்காரர்கள் கதவைத் தடவிப் பார்த்தார்கள். "யாரு வேல?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"நிலை வச்ச ஆசாரிதான் கதவும் செஞ்சாரு" என்று மச்சான் முந்திக்கொண்டார். என் மானத்தைக் காப்பதாக நினைத்துத்தான் சொன்னார்.

உள்ளே போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை.

"அவரு நிலைதான் வச்சாரு. கதவு நான் செஞ்சது" என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

பெரியவர் குனிந்து விரலால் தடவினார். "அப்ப இந்தக் கோடு?"

"அதுவும் நான் போட்டதுதான்."