பாத்திக்குப் போட்ட இலை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நல்லடக்கத்தன்று மாமாவின் பிள்ளைகள் பிறந்த வீட்டுக் கோடியைக் கொண்டுவந்து நீட்டியபோது, அதை அம்மாவின்மேல் போர்த்தக்கூடாது என்று தடுத்தவள் மூத்த மகளாகிய நான்தான். கூடியிருந்த உறவினர்கள் முகம் சுளித்தீர்கள். "இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு திமிரு ஆகாதுலா" என்று என் காதில் விழும்படியே சொன்னவர்களும் உண்டு. அம்மாவை நடுவீட்டில் கிடத்தி வைத்துக்கொண்டு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அன்று சொல்லாததை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். நாலு நல்ல வார்த்தை படிக்கலாம் என்று கையில் எடுத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய ஒரே அண்ணன், எங்கள் மாமா. அதை நான் மறைக்கவில்லை. மாமா கெமாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக உயர்ந்ததும், தங்கை கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று தன்கீழ் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாவுக்கே கட்டிக்கொடுத்தார். நானும் தம்பியும் அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில்தான் பிறந்தோம்.

ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரத் துரை ஓடினார். ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசியும் இல்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஆளுக்கொரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்து, நட்டுத் தின்னுங்கள் என்றார்கள். மண்வெட்டி போட்டால் தெறிக்கும் மண். ஊற்றிய தண்ணீர் அரை நாளில் காய்ந்துவிடும்.

ஆண்டின் தொடக்கத்தில் வெயில் ஏறும்போது பால்மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். உதிர்ந்ததைக் கூட்டி எரிப்பது தோட்டத்து வழக்கம். நெருப்புப் பிடித்தால் மரம் போய்விடுமே என்று துரை காலத்தில் வைத்த சட்டம். துரை போன பிறகும் நம் சனங்கள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் மட்டும் அந்தச் சருகைக் கோணிச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். முதலில் முழு இலையாகவே பரப்பிப் பார்த்தார்கள். பாதியைக் காற்று கொண்டுபோனது, மிச்சத்தின்மேல் பெய்த மழை வழுக்கிக்கொண்டு ஓடியது. காய்ந்த பால்மர இலை தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். பிறகு அப்பா ஒரு கட்டையில் இலையை வைத்துப் பாராங் கத்தியால் பொடியாக நறுக்கித் தருவார், அம்மா அதைப் பாத்தியில் கனமாகப் பரப்புவார். கரையான் ஏறாமலிருக்கத் தண்டைச் சுற்றி மட்டும் இடம் விடுவார். இந்தக் காலத்தில் மூடாக்கு என்று பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது வெறும் 'இலை போடுறது'.

"குப்பைய அள்ளி வீட்டாண்ட கொட்டுறீங்க, பாம்பு வந்து படுத்துக்கும்லா" என்று மாமா சிரித்தார். ஆனால் கையை விட்டுப் பார்த்தால் அந்த இலைக்கு அடியில் மண் ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. எங்கள் பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடி தரை தெரியாமல் படர்ந்தது, மரவள்ளி ஆள் உயரம் வந்தது. லயத்திலேயே பச்சையாக இருந்த துண்டு அது ஒன்றுதான். அம்மாவுக்கு அதில் பெருமை. போகிற வருகிறவர்களை நிறுத்திக் காட்டுவார்.

அப்போதுதான் ஜப்பான்காரர்கள் சயாம் காட்டுக்கு ஆள் கேட்டார்கள். தண்டவாளம் போட ஒவ்வொரு மண்டோரும் தன் ஆட்களில் சிலரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். மாமா ஒரு மத்தியானம் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. பாத்தி ஓரம் நின்று கால் விரலால் இலையைக் கிளறிக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, ஒம் புருஷன் பேரக் குடுத்திருக்கேன்."

அம்மா இலைச் சாக்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"மத்த வீட்டுல ஆம்பள போனா பிள்ளைங்க பட்டினியில சாகும். நீ ஒம் பாத்தியப் பாரு. ஒனக்கு அந்தக் கவல இல்லலா. மூணே மாசம், வந்துருவாரு."

"அண்ணே, இப்பவே எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுர்றேன். நாங்களும் பட்டினி கெடக்கோம். அவர விட்டுரு."

"புடுங்கிட்டு எதத் திம்பே? பைத்தியக்காரி" என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

அவர் பார்த்த கணக்கு நியாயமானதுதான் என்று நம் பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்த நியாயத்தால், பாத்தியில் புல் மண்ட விட்டுத் தூங்கியவர்கள் எல்லாரும் வீட்டிலேயே இருந்தார்கள். இலை நறுக்கியவர் லாரியில் ஏறினார். கெமாஸில் ரயில் ஏற்றினார்கள். போகும்போது அப்பா பாராங் கத்தியைத் தீட்டிவைத்துவிட்டுப் போனார்.

மறு இலையுதிர்வுக்கு அம்மா தனியாக இலை நறுக்கினார். எங்களுக்குச் சோறு போட வேறு வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், அப்பா காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார். சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்த காலத்தில், எங்கே பிடித்தாரோ, மாமா ஒரு புது வெள்ளைச் சேலையோடு வந்தார். விதவையாகும் தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டுமே.

அம்மா பாத்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அனுப்புன கையாலயே கோடியும் போட வந்தியாண்ணே? எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

கோடி வாங்காததால் தாலியையும் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. கடைசிவரை பொட்டோடு இருந்த அம்மாவைப் பார்த்து வெட்கமில்லாதவர் என்று பேசியவர்களுக்குக் காரணம் இதுதான். ஆனால் கோடியைத் திருப்பியவர் கிழங்கைத் தடுக்கவில்லை. மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, கூடையோடு வந்து நின்றால் கொட்டிக் கொடுப்பார். நான் முறைத்தால், "பிள்ளைங்க என்னடி செஞ்சுச்சு" என்பார். அந்தக் கிழங்கைத் தின்று வளர்ந்த சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஜப்பான் சண்டை முடிந்து அரிசி வந்த பிறகு அம்மா இலை போடவே இல்லை. விழுந்ததையெல்லாம் கூட்டி எரித்தார். பின்னாளில் சிரம்பானில் தம்பி வீட்டிலும் வாசலில் ஒரு ரம்புத்தான் இலை கிடக்க விடமாட்டார். சுத்தக்காரி என்று நீங்கள் கேலி செய்வீர்கள். செடிக்கு அந்த இலையைப் போடலாமே என்று தம்பி ஒருமுறை கேட்டான். "போட்டா விளையும். விளைஞ்சா நாலு பேரு கண்ணுல படும்" என்றார். படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கண்ணன் வீட்டுத் துணி எம்மேல படக்கூடாது." அதைத்தான் செய்தேன்.

அம்மாவைக் கடைசி நாட்களில் தூக்கிக் குளிப்பாட்டிய தம்பி மனைவிக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், குழி வெட்டிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவின் பிள்ளைகளுக்கும் நன்றி. கோடியை மறுத்தபோது நீங்கள் சண்டை போடாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள்மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லை. எனக்கு உண்டு, அது என்னோடு போகட்டும்.

நினைவு நாளுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றிலும் பால்மரங்கள். இது இலை உதிரும் மாதம், சமாதி தெரியாமல் மூடிக் கிடக்கும். மாலை வேண்டாம், ஆளுக்கொரு விளக்குமாறு கொண்டுவாருங்கள். ஓர் இலை விடாமல் கூட்டி எரித்துவிட்டுத்தான் கும்பிட வேண்டும்.