மாலகாவுக்குப் போகாத சந்தானம்

செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொன்னவர், பின்னாளில் அதைச் செய்தும் முடித்துவிட்டால், முதலில் சொன்ன பொய் என்ன ஆகிறது? சந்தானத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. அவர் பெரிய மனிதர் இல்லை. பெரிய பொய்யரும் இல்லை. புனேயின் ஹடப்சர் பகுதியில் எங்கள் குடியிருப்பில், என் எதிர்வீட்டில், பதினொரு வருடமாக இருக்கிறார்.

மாயவரத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் புனே வந்தவர். கோர்படியில் ஒரு ராணுவ அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தர் வேலை. சிப்பாய்கள் விடுப்பில் ஊருக்குப் போகவும் இடம் மாறிப் போகவும் டிக்கெட்டுக்குப் பதிலான ரயில் வாரண்ட் எழுதித் தருவது அவர் பிரிவு. எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும், எங்கே இறங்கி மாற வேண்டும் எல்லாம் மனப்பாடம். ஜோர்ஹாட்டுக்கும் பதான்கோட்டுக்கும் ஆயிரக்கணக்கான பேரை அனுப்பியிருக்கிறார். அவர் போனதெல்லாம் மாயவரத்துக்கும், விருந்தாளி வந்தால் கடக்வாஸ்லா அணைக்கும்தான். மனைவி ராஜி இறந்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை வேறு உருவத்தில் தொடர்ந்தது. குடியிருப்பில் யார் ஊர் சுற்றக் கிளம்பினாலும் அவரிடம் வருவார்கள். நாள்வாரியாகத் திட்டம் போட்டு, நீளத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுப்பார். ஒழுங்காகத்தான் எழுதுவார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவும் எழுதுவார்.

பொய் அவருடைய குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்து தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் தங்கை மகன் ஷ்ரேயஸ் ஒருமுறை வந்தபோது, கதவில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்று கொடுத்திருந்தான். ஒரு நீலப் படகு. கீழே மாலகா என்று எழுதியிருக்கும். ஸ்பெயினின் தென்கரையில் இருக்கும் வெயில் நிறைந்த கடலோர ஊர். மூன்றாம் மாடி விச்சு ஒருநாள் காப்பிக்கு வந்தவர் அதைப் பார்த்தார்.

“என்ன மாமா, போன மாசம் ஆளையே காணும்னு பார்த்தேன். மாலகா போயிட்டு வந்திருக்கேள், மூச்சு விடலையே!”

சந்தானம் பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ம். சும்மா நாலு நாள்.”

“படகெல்லாம் உண்டோ?”

“இந்தப் படகுலதான் கடல்ல ஒரு சக்கர் சுத்தி வந்தேன்.”

நானும் அங்கே இருந்தேன். போன மாதம் அவர் இருந்தது மாயவரத்தில். எனக்கு அங்கிருந்து முறுக்கு கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான் காப்பியைக் குடித்தேன்.

அடுத்த வாரத்துக்குள் குடியிருப்புக்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் அபயாம்பாள் வந்தார். பக்கத்துக் கட்டடம், பள்ளியில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். எழுபது முடிவதால் மகள் கிருஷ்ணப்ரியா அவரை நாலு நாள் எங்காவது கடலோரம் கூட்டிப்போக நினைத்தாள். சந்தானம் மாமா போய் வந்த ஊர் என்பதால் மாலகா என்று முடிவாகியிருந்தது.

சந்தானம் மூன்று வாரம் உட்கார்ந்தார். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ரயில், கடைகள் மதியம் கதவடைக்கும் நேரம், கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைக்கிற இடம் எல்லாம் தேடி எழுதினார். ‘மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம்’ என்பதை அவர்கள் மொழியில், தமிழ் எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டார். விசாவுக்கு வேண்டிய காகிதங்களை வரிசைப்படி அடுக்கி நூல் கோத்துக் கொடுத்தார். தங்குமிடம், பழைய கோட்டைக்குப் பின்னால். வரைபடத்தில் கடலிலிருந்து ஒரு விரல் அகலம்.

அபயாம்பாள் தாளை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணுதான் அண்ணா. ஏத்தம் உண்டா? முட்டி ரெண்டும் ஸ்ட்ரைக் பண்றது.”

வரைபடத்தில் தூரம் தெரியும், மேடு தெரியாது. தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்ல அவருக்கு அப்போதும் இடம் இருந்தது.

“ஏக்தம் சமதரை, மேடே கிடையாது. பத்து நிமிஷம். நான் நடந்திருக்கேன்.”

எங்கள் கட்டடத்துக்கு யாரையோ பார்க்க வந்தபோதுதான், லிஃப்டில், அவர்கள் ஊர் திரும்பியது தெரிந்தது. அபயாம்பாள் கையில் ஊன்றுகோல் இருந்தது. தங்குமிடம் குன்றின் மேல். கடலுக்குப் போக முழுக்கப் படிகள். முதல் நாள் இறங்கி ஏறியதோடு முட்டி வீங்கிவிட்டது. மிச்ச நாட்களை அவர் பால்கனியில் உட்கார்ந்து கழித்தார். கிருஷ்ணப்ரியா இதையெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சந்தானமும் லிஃப்டில் இருந்தார். அவர் இறங்க வேண்டிய மாடி தாண்டிப் போய்விட்டது.

பயணம் போய் வந்தவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கிளப்ஹவுஸ் டிவியில் படம் காட்டுவது எங்கள் வழக்கம். சிவ்டா என்கிற அவல் மிக்சரும் காப்பியும் சுற்றில் வரும். அன்று சந்தானம் கடைசி நாற்காலியில் இருந்தார். ஏழாவதோ எட்டாவதோ படத்தில் அந்த நீலப் படகு வந்தது. மணலில் நின்றது. அதற்குள்ளும் மணல். நடுவில் நெருப்பு, சுற்றிலும் கம்பியில் கோத்த மீன்கள்.

“இது கடல்ல போற படகு இல்லை. மணலைக் கொட்டி இதுக்குள்ளயே மீன் சுடறா,” என்றாள் கிருஷ்ணப்ரியா.

விச்சு திரும்பினார். “மாமா, நீங்க இதுலதானே சக்கர் அடிச்சேள்? மீனுக்குப் பக்கத்துலயா, மேலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். சந்தானம் தட்டிலிருந்த சிவ்டாவை ஒவ்வொரு அவலாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

“அது வேற படகா இருக்கும். அங்க நிறைய படகு,” என்றார் அபயாம்பாள். “நீ அடுத்த படம் போடுடி.”

அந்த வாக்கியம் முடிவதற்குள் சந்தானத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். விச்சுவின் கேலியை அவர் தாங்கிக்கொண்டிருந்தார். இதைத் தாங்க முடியவில்லை. தவறான விடைக்குப் பாதி மதிப்பெண்கூடப் போடாத டீச்சர் என்று பெயர் எடுத்தவர், வலிக்கிற முட்டியோடு அவருக்காகப் பொய் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை சந்தானம் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அபயாம்பாள் வீட்டுக்குப் போனார். உட்காரவில்லை.

“நான் மாலகாவுக்குப் போனதே இல்லை.”

“தெரியும் அண்ணா. முதல் நாள் நடுப்படியில உக்காந்தேனே, அப்பவே தெரிஞ்சுடுத்து.”

“பின்னே நேத்து ஏன்...”

“நாலு பேர் முன்னாடி உங்களை நிக்க வெச்சுக் கேட்டா என் முட்டி சரியாயிடுமா? காப்பி குடிக்கறேளா?”

குடிக்காமலே வந்துவிட்டார். படிகளில் இறங்கும்போது என்னிடம், “நடந்திருக்கேன்னு சொன்னேன் பாருங்கோ,” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

அதன் பின் யாருக்கும் திட்டம் எழுதவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் என் கதவைத் தட்டினார்.

“ஒரு வாரம் பால் வேண்டாம்னு சொல்லிடுங்கோ. யார் கேட்டாலும் மாயவரம். உங்களால மும்பை ஏர்போர்ட் வரைக்கும் வர முடியுமா?”

கையிலிருந்த உறையில் காகிதங்கள் நூல் கோத்து இருந்தன. மேலே தங்குமிடத்தின் பெயர். கோட்டைக்குப் பின்னால், அதே இடம்.

கொண்டு விட்டதும் நான்தான், அழைத்து வந்ததும் நான்தான். திரும்பும் வழியில், பாதித் தூரத்தில் லோணாவளா வந்தபோது, “அந்த பால்கனிலேர்ந்து கடல் கொஞ்சூண்டுதான் தெரியறது,” என்றார்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கேஷவும் ப்ரீதியும் கிளப்ஹவுஸில் அவரிடம் வந்தார்கள். புதிதாகக் குடிவந்த ஜோடி. அபயாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, நீங்க மாலகா போயிருக்கேள்னு விச்சு அங்கிள் சொன்னார். எங்களுக்கும் பிளான் போட்டுத் தருவேளா?” என்றாள் ப்ரீதி.

“இல்லைம்மா. நான் போனதில்லை. போனேன்னு பொய் சொன்னேன்.”

கூடத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“பிளான் எழுதித் தரேன். கோட்டைக்குப் பின்னால மட்டும் தங்காதேள். நூத்தி அறுபத்தெட்டு படி.”

“போகாமலே எண்ணிட்டேளா மாமா?” என்றார் விச்சு.

சந்தானம் தாளை விரித்து எழுதத் தொடங்கினார். அபயாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தார், வெகுநேரம். அவர் நிஜமாகவே போய் வந்ததைச் சொல்ல நான் வாயைத் திறக்கப் போனேன். சந்தானம் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் மெல்ல அசைத்தார், வேண்டாம் என்று. ஏன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.