ரோஸ் கலர் கோடு

எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் கேரம் ஆடும்போது சண்டை வந்தால் யாரும் அப்பாவிடம் போவதில்லை. போனாலும் பயனில்லை. "எனக்குச் சரியாத் தெரியலப்பா, நீங்களே பேசிக்குங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரு காலத்தில் தர்மபுரி மாவட்டத்தில் கூடைப்பந்து ஆட்டம் எங்கே நடந்தாலும் கழுத்தில் விசிலோடு நடுவில் நின்றவர் இவர்தான் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அப்பா கடத்தூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தார். நடுவர் தேர்வு எழுதித் தேறியவர்கள் எங்கள் பக்கம் அதிகம் கிடையாது. படிப்பின் கடைசி வருடத்தில்தான் அக்காவுக்குக் கல்லூரி அணியில் இடம் கிடைத்தது. அந்த அணியின் ஆட்டங்களுக்கும் அப்பாவையே கூப்பிட்டார்கள். மகள் ஆடும் ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று அவர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். "நீங்க ஊதுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்" என்று எதிரணிக்காரர்களே வற்புறுத்தினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான், எங்கள் அம்மாவைத் தவிர.

அந்த சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களையும் அக்காவின் அணி கடைசி நிமிடங்களில் கோட்டை விட்டது. முக்கால்வாசி நேரம் முன்னால் இருப்பார்கள். முடிவு நெருங்கினால் போதும், ஒவ்வொருத்தியும் அவசரப்பட்டுப் பந்தை நழுவவிடுவாள். போதாக்குறைக்கு இரண்டு ஆட்டத்திலும் அக்காவுக்கு ஐந்தாவது ஃபவுல் கொடுத்து வெளியே உட்கார வைத்தவர் அப்பா. மைதானத்தில் அக்கா அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவாள். இரண்டாவது தோல்விக்குப் பிறகு வீட்டிலும் அதையே தொடர்ந்தாள். "சாருக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளும்மா" என்பாள், எதிரிலேயே அப்பாவை வைத்துக்கொண்டு.

மூன்றாவதிலும் தோற்றால் மண்டலப் போட்டிக்குப் போக முடியாது. அக்காவின் கூடைப்பந்து அதோடு முடிந்தது. அந்த ஆட்டத்தன்று காலையில் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த புள்ளைங்க இடிச்சுத் தள்ளுனா உங்க கண்ணுக்குத் தெரியறதில்ல. நம்ம புள்ள மூச்சு வுட்டாலே விசில் அடிக்கிறீங்க. பெத்த புள்ளமேல மனசுல அப்படி என்னதாங்க வெச்சிருக்கீங்க?"

அப்பா விசிலைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் அப்போது மண் தரைதான். உள்கோடுகள் போட்டு முடித்ததும் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. விடுதிப் பெண்கள் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த ரோஸ் கலர் கோலப்பொடியை எடுத்து வந்து, குனிந்த தலை நிமிராமல் சுற்றிலும் எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள். கோலம் போட்டுப் பழகிய கை. நூல் பிடித்த மாதிரி இருந்தது. பந்து கையில் இருக்கும்போது அதை மிதித்தால் அவுட், அப்புறம் போடுகிற பந்து செல்லாது. அன்று அரைநாள் பள்ளி முடிந்து, மெரூன் கலர் யூனிஃபார்ம் பாவாடையோடு அந்தக் கோட்டை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

ஆட்டம் முடிய எட்டு செகண்ட் மிச்சம். ஒரு புள்ளி பின்தங்கல். அக்காவுக்கு நான்கு ஃபவுல். அணியைப் பழக்கிய பி.டி. மேடம் டைம்அவுட் கேட்டு எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். "அவசரப்படாதீங்கடி. எட்டு செகண்டுங்கறது எவ்வளவோ நேரம். ஒருத்தி போயித் தண்ணி குடிச்சிட்டே வந்துடலாம்" என்றார். அக்காகூடச் சிரித்துவிட்டாள். மண் தரை வழுக்கும் என்பதால் டைம்அவுட்டில் ஈரச் சாக்கில் ஷூவைத் தேய்த்துவிட்டு இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாரும் தேய்த்தார்கள்.

பந்து கைமாறி, நான் உட்கார்ந்திருந்த ஓரத்துக்கு, அக்காவிடம் வந்தது. அன்று அவள் அவசரப்படவில்லை. ஒருத்தியை ஏமாற்றி, ஒரு எட்டு வைத்து, திரும்பி எறிந்தாள். அந்த ஒரு எட்டில் அவளுடைய வலது கால் ரோஸ் கோட்டின்மேல் பட்டதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். விசில் அவர் வாயில் இருந்தது, கன்னம் உப்பியிருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பந்து வளையத்துக்குள் விழுந்தது. நேரம் முடிந்தது.

பெண்கள் கூட்டமாக உள்ளே ஓடிவந்ததில் கோடு கலைந்துபோனது. எதிரணித் தலைவி அப்பாவிடம் ஓடினாள். "லைன மிதிச்சிட்டுதான் போட்டாங்க சார். இப்பதான சாக்குல தொடச்சாங்க? ஷூவப் பாருங்க, தெரிஞ்சிடும்."

அப்பா கணக்கெழுதுகிறவரிடம் போய், எழுதவேண்டாம், பொறுங்கள் என்று சொன்னார். அந்த நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அக்கா எறிந்த இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கட்டிக்கொள்கிற மாதிரி அவள் காலடியில் உட்கார்ந்தேன். ஷூவின் ஓரத்தில் நகத்தளவு ரோஸ். எச்சிலைத் தொட்டுப் பாவாடை நுனியால் ஒரே தேய்ப்பு. எல்லாரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வந்து குந்தினார். "காலைக் காட்டு" என்றார்.

"பாருங்க சார்" என்றாள் அக்கா.

இரண்டு கையாலும் அந்த ஷூவைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, புள்ளி செல்லும் என்று கையைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் அம்மா கேசரி கிண்டினாள். அக்கா "அப்பா, இந்தாங்க" என்று முதல் தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ அங்கதான உக்காந்திருந்த. அக்கா கோட்ட மிதிச்சாளா?"

"இல்லீங்கப்பா."

"சரி" என்றார். என் தலையைத் தடவினார். அக்காவைக் காப்பாற்றிய பெருமையில் நான் இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் வேறு ஊரில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது, கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா பயந்துபோய் அவரைத் தர்மபுரிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன். கடைசி வரியின் பொடி எழுத்துவரை அப்பா தடங்கலில்லாமல் படித்தார். இந்த வயதில் இப்படி ஒரு பார்வையா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா தலையைக் குனிந்து சட்டைப் பையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவிடம், "கண்ணு நல்லாத்தான் இருக்குதாம். அப்ப நீ சொன்னதுதான் நெசம். கொறை எம்மனசுலதான் இருந்திருக்குது. மிதிக்காத காலு மிதிச்சாப்புல தெரிஞ்சிருக்குது" என்றார்.

"நான் என்னத்தச் சொன்னேன்?" என்றாள் அம்மா. அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். "நீ வெச்சிக்க பாப்பா" என்றார். கண்டக்டர் அதட்டுவதையும் காதில் வாங்காமல் நாங்கள் இறங்கவேண்டிய பொம்மிடி வரும்வரை ஊதிக்கொண்டே வந்தேன். கண்ணில் குறையில்லை என்று டாக்டரே சொன்ன பிறகும் அப்பா ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. விசில் இனிமேல் எனக்கே எனக்கு என்பது மட்டும் நன்றாக விளங்கியது.