பாசி வாரிய வாய்க்கால்

தண்ணீருக்கடியில் கிடக்கும் பாசிதான் அண்ணாமலை நகரில் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பாசி வளைந்து படுத்துக்கொள்ளும். அப்போது அதன்மேல் ஓடும் தண்ணீரின் வேகத்தை முன்கூட்டியே சொல்ல ஒரு சமன்பாடு போட்டிருந்தேன். ஆய்வகக் கண்ணாடித் தொட்டியில் அது சரியாக வந்தது. நிஜ வாய்க்கால் ஒன்றில் அளந்துவிட்டால் ஆய்வேடு முடிந்துவிடும்.

பாசி வளையும் என்பதே என் கைடுக்குப் பிடிக்காது. செடிகளையெல்லாம் விறைத்த குச்சிகளாக வைத்து அந்தக் காலத்தில் அவர் ஒரு சமன்பாடு போட்டிருந்தார். அதை வைத்தே பேராசிரியர் ஆனவர். அதற்கப்புறம் எந்தச் செடியையும் அவர் ஏறெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாய்க்காலில் இறங்க அனுமதி கேட்டுக் கடலூர் பொதுப்பணித்துறை ஆபீசுக்குப் போன் செய்தவர், "நானே நேர்ல வரேன்" என்று ஜம்பமாகச் சொல்லிவைத்தார். நாங்கள் போனபோது வாய்க்கால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கரையில் பாசி குவியலாக நாறியது. பாதையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு வேறு.

"நீங்க வரீங்கன்னு சுத்தமா வாரிட்டோம் சார்," என்றார் அங்கிருந்த இன்ஜினியர். கைடு தலையாட்டியபடி சால்வையை வாங்கிக்கொண்டார்.

"சார், நாம வந்ததே அந்தப் பாசிக்காகத்தான்," என்றேன்.

யோசித்தார். அது அவருக்கு அபூர்வம். "திரும்ப நட்டுடச் சொல்லு."

நட்ட பாசி மிதந்து போனது. உடனே மூங்கில் குச்சிகளை ஊன்றி, ஒவ்வொன்றிலும் பாசியை இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்படியே அளந்தேன். என் கணக்கோடு ஒரு புள்ளிகூட ஒட்டவில்லை. அவருடைய பழைய கணக்கோடு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

"பாத்தியாம்மா, பாசி வளையல."

"சார், அது மூங்கில்."

"அதுவும் செடிதானேம்மா."

அந்த அளவைப் போட்டால்தான் கையெழுத்து என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்படிப்பட்டவரிடம் பட்டம் வாங்குவதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

அடுத்த வருஷம் தண்ணீர் வந்தது, பாசியும் வளர்ந்தது. இந்தமுறை அவரிடம் மூச்சுவிடாமல் நான் மட்டும் போய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அளந்தேன். வேகம் என் சமன்பாடு சொன்னபடியே இருந்தது. சந்தோஷத்தில் கரையேறி உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த அளவை வைத்து எழுதி, வேறு வழியில்லாமல் கைடிடமே கொடுத்த அத்தியாயம் போன வாரம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'சுத்தம் செய்யாத வாய்க்காலில் எடுத்த அளவு. செல்லாது.'