பன்னிரண்டு அடி ஹோஸ்

வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு யூஜீன் மாமாவின் ஃபோன் வந்தது. நான் வேலைக்குக் கிளம்புவதற்காகக் கார் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“அர்லீன் அண்ணி போயிட்டாங்கம்மா. ஆறு மணிக்கு, ஆஸ்பத்திரியில.”

பிறகு, “நாளைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாரையும் எங்க வீட்டுக்கே வரச் சொல்லிடட்டுமா?” என்றார்.

“வேண்டாம் மாமா. அத்தை வீட்லதான்,” என்றேன்.

என் அப்பாவின் அக்கா அர்லீன் பிலார்ஸ்கி. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கிற கடஹியில் பிறந்து, அங்கேயே எழுபத்தெட்டு வயது வரை இருந்தவள். அதில் முப்பத்தோரு வருடம் இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வெப்பமானியையும் பார்த்துப் பலகையில் எழுத வேண்டும். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், “குளிரை எழுதறேன்” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அவள் கணவர் ரிச் மாமா வெல்டர். பேஸ்மென்ட்டில் ஒரு பழைய குளிர்பெட்டியின் உள்ளே பீர்ப் பீப்பாயையும் கேஸ் சிலிண்டரையும் வைத்து, மேலே ஒரு கம்பம் நட்டு, அதில் இரண்டு குழாய் பொருத்தியிருந்தார்; பீப்பாயிலிருந்து பீர் ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் வழியாகக் குழாய்க்கு ஏறும். இரண்டாவது குழாய் ஒருநாளும் வேலை செய்ததில்லை. வெள்ளிக்கிழமை மாதாகோவில் கூடத்தில் பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நேராக அந்த பேஸ்மென்ட்டுக்குத்தான் வருவார்கள். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான். குழாயின் கைப்பிடி மாமாவுடையது. அத்தை ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் கொண்டுவந்து வைப்பாள். ஒரு குவளைகூட ஊற்றியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம், மாமா கார் ஷெட்டில் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு அந்தக் குழாயில் நுரைதான் வந்தது. குவளையில் நான்கில் ஒரு பங்கு பீர், மீதி வெள்ளை. மாமாவின் தம்பி யூஜீன் கேஸைக் குறைத்தார். நுரை கூடியது. இன்னும் குறைத்தார். இன்னும் கூடியது. பக்கத்து வீட்டு நார்ப் குவளையை முகத்தருகே தூக்கிப் பிடித்து, “இது குடிக்கறதுக்கா, தாடி மழிக்கறதுக்கா?” என்றார்.

ஜூலை கடைசியில் யூஜீன் மாமா விஷயத்துக்கு வந்தார். “அண்ணி, இந்தப் பெட்டியை எங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன். உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? இனிமே வெள்ளிக்கிழமை அங்கயே கூடலாம்.”

அத்தை ஊறுகாய்ப் பாட்டிலை மூடினாள். “அப்ப என் வீட்டுக்கு எதுக்குடா வருவீங்க? கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, என்னைப் புதைக்க ஒரு தடவை, அவ்வளவுதானே?”

“ஐயோ, அப்படிச் சொல்லல அண்ணி...”

“செப்டம்பர்ல முதல் ஃபுட்பால் ஆட்டம். அன்னிக்கு நான் ஊத்தற முதல் குவளையில மூணு விரலுக்கு மேல நுரை வந்தா நீயே தூக்கிட்டுப் போ. வரலேன்னா இந்தக் கைப்பிடியில இனிமே ஒருத்தன் கை வைக்கக் கூடாது.”

“நீங்களா ஊத்தப் போறீங்க?” என்றார் நார்ப்.

“வேற யாரு, உன் நாயா?”

ஆறு வாரம் இருந்தது. குளிர் அறையில் கற்றதைத்தான் அவள் செய்தாள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுத வேண்டும். ஆண்கள் கேஸைத் திருகுவார்கள், பீப்பாயை ஆட்டுவார்கள், குளிரைக் கூட்டுவார்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டு எது கெடுத்தது என்று தெரியாமல் நிற்பார்கள். அவள் பெட்டியின் கதவில் நீளமாகக் காகித டேப் ஒட்டி, பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு உள்ளே வைத்தாள். கீழே முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். மேலே கம்பத்துக்குள் ஐம்பத்தொன்று. “கால் குளிருது, தலை வேகுது,” என்றாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்ன விசிறியைக் கழற்றி, அடிக்குளிரைக் கம்பத்துக்குள் ஏற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். நுரை கொஞ்சம் குறைந்தது. அடுத்த வாரம் குழாயைப் பிரித்தாள். உள்ளே பழுப்பாக அழுக்கு. கழுவினாள். இன்னும் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவது வாரம் கேஸின் அழுத்தத்தை ஏற்றினாள். சிலிண்டர் மீட்டரில் பன்னிரண்டுக்கு.

யூஜீன் மாமா பதறிவிட்டார். “நுரை வருதுன்னா கேஸைக் குறைக்கணும் அண்ணி! ஊருக்கே தெரியும்!”

“ஊருக்கே தப்பாத் தெரியும். மேல அழுத்தம் இல்லேன்னா பீர்ல கரைஞ்சிருக்கற கேஸ் ஹோஸுக்குள்ளயே வெளியில வந்துடும். அதுதான் நுரை. எழுதி வச்சிருக்கேன், படிச்சுப் பாரு.”

ஆனால் பன்னிரண்டில் பீர் பீய்ச்சி அடித்தது. சுவரெல்லாம் தெறித்தது. அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹோஸை அளந்தாள். நான்கு அடி. பெட்டிக்குள் பக்கவாட்டில், தூசு படியாத வட்டத் தடம் ஒன்று இருந்தது, ஏதோ வெகுகாலம் சுருண்டு கிடந்ததைப் போல.

“யூஜீன், ரிச் சுருட்டி வச்சிருந்த ஹோஸ் எங்கடா?”

அவர் பூட்ஸைப் பார்த்தார். “கசகசன்னு கிடந்துச்சு அண்ணி. அடக்கத்துக்கு ஆளுங்க வர்றாங்களேன்னு... வெட்டி ஒழுங்கு பண்ணி வச்சேன்.”

நீளமான ஹோஸ்தான் பீரின் வேகத்தைத் தணிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அண்ணன் செத்த வாரத்தில் அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அத்தை கத்தவில்லை. கடைக்குப் போய்ப் பன்னிரண்டு அடி வாங்கி வந்தாள்.

அப்போதும் பாதிக் குவளை நுரைத்தது. ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை எனக்குத் தாகமாக இருந்தது. நான் தண்ணீர் குடித்து வைத்திருந்த சாதாரண டம்ளரிலேயே அத்தை கொஞ்சம் பீர் பிடித்துக் கொடுத்தாள். தெளிவாக வந்தது. இரண்டு விரல் நுரை, அதற்கு மேல் இல்லை. இருவரும் டம்ளரையே பார்த்தோம். பிறகு அவள் திரும்பி, மூலையில் இருந்த ஃப்ரீசரைப் பார்த்தாள். அதற்குள் ரிச் மாமாவின் குவளைகள், ஒவ்வொருவர் பெயரும் பொறித்து, வெள்ளை பூத்து உறைந்து கிடந்தன. வருடம் முழுக்க அவை அங்கேதான் இருக்கும். அந்தப் பனிப்படலத்தின் சொரசொரப்பில் பட்டுத்தான் பீர் பொங்கியது.

அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பனி கரையத் தொட்டியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தன்று, நார்ப் தன் குவளையைத் தொட்டுப் பார்த்து, “ஐஸ் இல்லையே! ரிச் இருந்தா இதுக்கு ஒத்துப்பானா?” என்றார்.

“ஒத்துக்க மாட்டான். அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நுரையா வந்த முதல் குவளையை வாளியில கொட்டினான், நார்ப். நீங்க யாரும் பார்க்கல. அந்த வாளியை இருபத்தஞ்சு வருஷம் கழுவினவ நான்.”

குவளையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, கைப்பிடியை முழுக்க இழுத்தாள். அரைகுறையாகத் திறந்தால் அதுவும் நுரைக்கும். யூஜீன் மாமா குனிந்து கண்ணாடியின் மேல் விரலை வைத்து அளந்தார். “ரெண்டு,” என்றார். இன்னொரு முறை வைத்தார். “ரெண்டுதான்.”

“விரலை எடு. குடிக்கறவன் காத்துட்டிருக்கான்.”

அதற்குப் பிறகு ஆறு வருடம் கைப்பிடி அவளுடையது. இந்த இலையுதிர் காலத்தில் இதயம் பலவீனம் என்று சொல்லி டாக்டர் படியிறங்கக் கூடாது என்றார். அத்தை படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். நான் சண்டை போட்டேன். “நடந்து இறங்காதேன்னுதான் சொன்னார். உட்கார்ந்து இறங்காதேன்னு சொல்லல,” என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. பதினொரு பேர் வந்தார்கள். ரொட்டியை நான் வைத்தேன், பீரையும் நானே ஊற்றினேன். முதல் குவளை கொஞ்சம் அதிகமாகப் பொங்கியது. கைப்பிடியை நான் முழுக்க இழுக்காததுதான் காரணம். யூஜீன் மாமா மெதுவாகப் பெட்டிக்குப் பின்னால் போனார்.

“கேஸைக் கொஞ்சம் குறைச்சா...”

“கையை எடுங்க மாமா.”

எடுத்துவிட்டார். சிரித்தார். உடனே அழுதார். அவர் போன வருடமே பீரை விட்டுவிட்டவர்; கையில் தண்ணீர்தான். “அடுத்த வெள்ளியும் இங்கதானா?” என்று கேட்டார். இங்கேதான் என்றேன்.

அவர்கள் போன பிறகு மேசையைத் துடைத்தபோதுதான் இரண்டாவது குழாயைப் பார்த்தேன். அத்தை அதைத் திறந்து கழுவியிருந்தாள். கதவில் இருந்த டேப்பில் கடைசி வரி அவள் கையெழுத்தில் இருந்தது: ‘ரெண்டாவது, ரூட் பீர், யூஜீனுக்கு.’ பெயரில்தான் பீர்; மது இல்லாத இனிப்பு சோடா அது. பெட்டிக்குள் புது ஹோஸ் பன்னிரண்டு அடி, சரியாக வெட்டிச் சுருட்டியிருக்கிறது. குழாய்ப் பக்கத்தில் ஹோஸைப் பிடிக்கிற கிளாம்ப் வளையம் இறுக்கமாக இருக்கிறது. பீப்பாய்ப் பக்கத்து கிளாம்ப் மாட்டியிருக்கிறது, இன்னும் முறுக்கவில்லை.